தா செலோம் சந்தையில் ஒரு வாசல்

சயாமில், பர்மா எல்லையை ஒட்டி மலைகள் தொடங்குகிற இடத்தில் இருக்கும் தா செலோம் என்கிற ஊரில் வெள்ளைத் துணி விலைபோவதில்லை. விடுதிகளின் படுக்கை விரிப்பு, டாக்சிகளின் சீட்டு உறை, சாப்பாட்டுக் கடைகளின் மேசைத் துணி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டை எல்லாமே அரக்கு நிறம்தான், ஏனென்றால் ஊருக்கு நடுவில் ஒரு யுத்தக் கல்லறைத் தோட்டம் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் காட்டை வெட்டி ரயில் பாதை போட்டபோது செத்துப்போன வெள்ளைக்காரச் சிப்பாய்களை அங்கே வரிசை வரிசையாகப் புதைத்திருந்தார்கள். அந்தக் கற்களில் ஒன்றின் மேல் கைவைத்து, அதில் வெட்டியிருக்கும் பெயரை வாய்விட்டுப் படித்தால், அந்தச் சிப்பாய் எப்படிச் செத்தானோ அந்தச் சாவு படித்தவர் உடம்பில் இறங்கும்.

ஈட்டிமுனையால் குத்தப்பட்டவனின் பெயரைப் படித்தால் வயிறு கிழிந்து குடல் மடியில் விழும், மூங்கில் கழியால் அடிபட்டவனின் பெயரைப் படித்தால் மண்டை பிளக்கும், காலில் புண் வைத்துச் செத்தவனின் பெயரைப் படித்தால் முழங்காலுக்குக் கீழே சதை அழுகி எலும்பு வெளியே தெரியும், பாலத்தில் குண்டு விழுந்து செத்தவனின் பெயரைப் படித்தால் எது கை எது கால் என்று சொல்ல முடியாது. வலி முழு வலி. ஆனால் அதில் யாரும் செத்ததில்லை. இரண்டு பேர் வந்து தூளியில் தூக்கிப் போட்டு இரும்பு கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து விட்டால் போதும், கேட்டைத் தாண்டிய மாத்திரத்தில் காயம் மூடிக்கொள்ளும், தழும்பு இருக்காது, துணியில் ஊறிய ரத்தம் மட்டும் மிஞ்சும்.

இது ஏன் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. கல் நட்ட வருஷத்திலிருந்தே அப்படித்தான். தூளி தூக்குகிறவர்கள் சங்கம் வைத்திருந்தார்கள். சலவைக்காரர்கள் ஆற்றில் தனித் துறை கேட்டு வாங்கியிருந்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடிகளுக்குத் தூக்கத்தில் இதயம் நின்றுபோன சிப்பாய்களின் கற்களைக் காட்டுவதும், பந்தயம் கட்டிவரும் வாலிபர்களை வாளால் வெட்டுப்பட்டவர்களின் வரிசைக்குக் கூட்டிப்போவதும், காலரா வரிசைக்குப் போகிறவர்களிடம் காலையில் ஒன்றும் சாப்பிடாதீர்கள் என்று சொல்லி அனுப்புவதும் வழிகாட்டிகளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. தூர தேசங்களிலிருந்து கிழட்டு வெள்ளைக்காரர்கள் வருவார்கள், தங்கள் சிநேகிதனின் கல்லைத் தேடிப் பிடித்து, தொப்பியைக் கழற்றி, பெயரைப் படித்து, மண்டை பிளந்து விழுவார்கள், வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிர்க்கடையில் பீர் குடிப்பார்கள்.

அந்த ஊருக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்திலிருந்து ஒரு சுற்றுலா பஸ்ஸில் தைலம்மாள் என்கிற பெண்ணும் அவள் புருஷன் தேவராசுவும் வந்து இறங்கினார்கள். தைலம்மாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயா. தேவராசு பலகை ஏற்றும் லோரி ஓட்டியவர், இடுப்பு போனதால் வேலையை விட்டவர். அவள் தாயின் வயிற்றில் இருந்தபோது அவளுடைய அப்பா சடையனை, ரப்பர் தோட்டத்தில் சம்பளம் வாங்கப் போன வரிசையிலிருந்து, ஜப்பான்காரர்கள் அப்படியே லோரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திரும்பி வந்த ஒருவன் காய்ச்சலில் போய்விட்டார் என்றான். இன்னொருவன், இல்லை, கடைசியாகப் பார்த்தபோது நடந்துதான் போய்க்கொண்டிருந்தார் என்றான். அம்மா இரண்டாமவனை நம்பினாள். குங்குமம் வைத்துக்கொண்டாள், பூ வைத்துக்கொண்டாள், கல்யாண வீடுகளில் முன்வரிசையில் நின்று மற்றப் பெண்கள் முகம் சுளிப்பதைப் பார்த்தும் நகராமல் நின்றாள். போன மாசிமாதம் அவள் செத்தபோது தாலியைக் கழற்றுவதா, கழுத்தோடு விடுவதா என்று பிணத்துக்குப் பக்கத்திலேயே பெண்கள் சண்டை போட்டார்கள். ஒருத்தி தாலியைப் பிடித்து இழுத்தாள், இன்னொருத்தி அவள் தலைமயிரைப் பிடித்தாள், கயிறு அறுந்து செத்தவளின் கழுத்தில் சிவப்பாகக் கோடு விழுந்தது. காரியம் முடிந்ததும் தைலம்மாள் புருஷனிடம், "எனக்கு அந்த எடத்தப் பாக்கணுங்க" என்றாள். அவர் மறுநாளே போய்ச் சுற்றுலா பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வந்தார்.

பஸ்ஸில் வந்தவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் சிதறிப் போனார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஆசையாக ஒரு பெயரை உச்சரிப்புச் சுத்தமாகப் படித்துவிட்டு, கால் அழுகி, அம்மா அம்மா என்று அலறிக்கொண்டு தூளியில் போனார். தைலம்மாள் எதையும் படிக்கவில்லை. ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

கேட்டுக்கு வெளியே ஐஸ் வண்டி வைத்திருந்த கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரார் அவரை லுங் சாம் என்பார்கள். லுங் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் பெரியப்பா. காயம்பட்டு வெளியே வருகிறவர்களின் நெற்றியில் ஒரு துண்டு ஐஸை வைத்து அழுத்துவது அவருடைய வேலை.

"யாரம்மா தேடுறீங்க?" என்றார், தமிழில்.

தைலம்மாள் நின்றுவிட்டாள். "நீங்க தமிழா?"

"தமிழ்தான். வந்தேன், இங்கயே தங்கிட்டேன்."

"எங்கப்பாவும் ரயிலுக்கு வந்தவருங்க. அவரு கல்லு எங்க இருக்கு?"

"இது வெள்ளக்காரங்களுதும்மா. நம்ம ஆளுங்களுக்குக் கல்லு கெடயாது."

"அப்ப எங்க போட்டாங்க?"

"செத்த எடத்துல."

"அது எது?"

கிழவர் ஐஸ் உளியை எடுத்துக் கட்டியைக் கொத்த ஆரம்பித்தார். "காடெல்லாந்தாம்மா" என்றார். "வீட்டுக்குப் போங்க."

பஸ் போய்விட்டது, தைலம்மாள் போகவில்லை. மாலி என்கிற பெண் நடத்திய விடுதியில் அறை எடுத்தாள். மாலி அந்த ஐஸ்காரக் கிழவரின் ஒரே மகள், சயாம்காரத் தாய்க்குப் பிறந்தவள், தமிழ் புரியும், சொற்களைத் தேடித் தேடிப் பேசுவாள். தினமும் காலையில் தைலம்மாள் புறப்பட்டு ரயில் பாதை ஓரமாக நடந்து, ஆற்றங்கரையில், மலையை வெட்டிய இடத்தில், பாலத்துக்குக் கீழே, புளியமரத்தடியில், தரையில் உள்ளங்கையைப் பதித்து, "சடையன்" என்று சொல்வாள். ஒன்றும் நடக்காது. எழுந்து சேலையைத் தட்டிவிட்டு இன்னும் கொஞ்ச தூரம் போய், "ஆறுமுகம் மகன் சடையன்" என்பாள். ஊரார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கல் இல்லாமல் எப்படி இறங்கும் என்று சலவைத்துறையில் பேசிக்கொண்டார்கள். தூளிக்காரர்களில் ஒருவன் நல்ல மனசோடு, வேண்டுமானால் சும்மா ஒரு கல்லில் அப்பா பெயரை எழுதிக்கொடுக்கச் சொல்லட்டுமா என்று மாலி மூலமாகக் கேட்டான். தைலம்மாள் அவனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு மறுபடி நடக்கப் போனாள்.

இடத்தைக் கண்டுபிடித்தது தேவராசு. இடுப்பு வலியால் அவரால் கூட நடக்க முடியவில்லை, சந்தைக்குப் பக்கத்தில் இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்து, வாழ்நாள் முழுவதும் லோரி ஓட்டியவர் பார்க்கிற மாதிரி, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மனைவியிடம் சொன்னார்: "தைலம், அந்த ஐஸ்காரக் கெழவன் ஊரெல்லாம் கடைக்குள்ளாறப் போயி ஐஸ் போடறான். இந்த பசாருக்குள்ள மட்டும் கால வைக்க மாட்டேங்கறான். சடக்குலயே நின்னு மணி அடிக்கறான். மீன்காரிங்க ஓடியாந்து வாங்கிட்டுப் போறாளுங்க. ஏன்?"

தைலம்மாள் குடித்துக்கொண்டிருந்த காப்பியை வைத்துவிட்டு எழுந்தாள்.

சந்தை ஒரு பெரிய தகரக் கொட்டகை, சுற்றியுள்ள தரையைவிட மேடான இடத்தில் கட்டியது. ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் பன்றி இறைச்சி, நடுவில் கீரையும் பழமும். காலை நேரம் என்பதால் உள்ளே நெரிசல். மீன் விற்கிற பூன்மா என்கிற பெண் கெளுத்தி மீனின் தலையைத் தறித்துக்கொண்டிருந்தாள், அவள் புருஷன் எதிர்ப்பலகையில் பன்றித் தொடையை வெட்டிக்கொண்டிருந்தான். தைலம்மாள் அவர்கள் இருவருக்கும் நடுவில், செதிலும் ரத்தத் தண்ணீரும் ஓடுகிற சிமென்டுத் தரை வெடித்து மண் தெரிந்த இடத்தில் மண்டியிட்டாள். அப்போது சடக்கில், வெளிச் சாலையில், வண்டியைப் போட்டுவிட்டு லுங் சாம் ஓடிவந்தார். நாற்பது வருஷமாகத் தாண்டாத விளிம்பைத் தாண்டி, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, "வேணாம்மா! இங்க சொல்லாத! வெளிய போயிரு தாயி!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

தைலம்மாள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் தரையில் வைத்து, "ஆறுமுகம் மகன் சடையன்" என்றாள்.

முதலில் அவள் நகக்கண்ணுக்குள் மண் வந்தது. பிறகு அடிவயிறு முறுக்கி, உடம்பிலுள்ள தண்ணீரெல்லாம் கால்வழியே போக, கெண்டைக்கால் சுருண்டு கட்டையாகி, கண்கள் உள்ளே போய், தோல் எலும்போடு ஒட்டிக்கொண்டது. காலரா என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவளுக்கு உடனே தெரிந்தது. ஆனால் சாவு காலராவாக இல்லை. மூச்சு வந்துகொண்டே இருந்தது. அந்த மூச்சின் மேல் ஈரமண் விழுந்தது, முகத்தில், கண்ணில், மூக்கில், திறந்த வாயில், மண்வெட்டி மண்வெட்டியாக.

அவளுடைய அப்பா தனியாகப் படுத்திருக்கவில்லை. அதனால் அந்தப் பெயர் அவளோடு நிற்கவில்லை. கொட்டகைக்குள் நின்ற அத்தனை பேருக்கும் இறங்கியது. கீரை விற்றவள் இருமி ஒரு கைப்பிடி மண்ணைத் துப்பினாள், பழக்காரனின் மண்டை மூங்கில் வெடிக்கிற சத்தத்தோடு பிளந்தது, பேரம் பேசிக்கொண்டிருந்தவர்களின் கால்கள் பேச்சின் நடுவிலேயே அழுகி மடங்கின, பிள்ளையைத் தூக்கியிருந்தவள் பிள்ளையை எட்ட எறிந்துவிட்டு விழுந்தாள், விழுந்தவர்கள் மேல் விழுந்தார்கள், ரத்தமும் மலமும் மீன் தண்ணீரும் சேர்ந்து சாக்கடையில் ஓடியது. ஊருக்கு இது புதிதில்லை என்பதால் தொடக்கத்தில் யாரும் பயப்படவில்லை, எரிச்சல்தான் பட்டார்கள். இங்கேயுமா, வியாபார நேரத்திலா என்று ஒருவன் ரத்தம் கக்கிக்கொண்டே திட்டினான். தூளிக்காரர்களைக் கூப்பிடு என்று கத்தினார்கள். தூளிக்காரர்கள் வந்தார்கள், உள்ளே கால் வைத்ததும் தாங்களும் வாய்நிறைய மண்ணோடு விழுந்தார்கள். முடிந்தவர்கள் ஊர்ந்து சடக்குக்கு வந்தார்கள். சடக்கில் வந்தும் காயம் மூடவில்லை. கல்லறைத் தோட்டத்து கேட்டு வரைக்கும் ஒருவனை இழுத்துக்கொண்டு போய் உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் மூடவில்லை. அப்போதுதான் தா செலோம் ஊருக்குப் பயம் வந்தது.

பூன்மாவின் புருஷன் அவள் மடியில் செத்தான். அவள் தன் வாயிலிருந்த மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு அவன் வாயிலிருந்த மண்ணைத் தோண்டினாள், தோண்டத் தோண்ட வந்தது, விரல் உள்ளே போக இடமில்லாமல் போனபோது அவன் நெஞ்சு நின்றது. அந்த ஊரில் பிறர் காயத்தால் செத்த முதல் ஆள் அவன்தான். பூன்மா நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை பேர் நெளிகிற அந்தத் தரையின் நடுவில் ஒரே ஒரு ஆள் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல், சட்டையில் சேறுகூடப் படாமல் நின்றுகொண்டிருந்தார். லுங் சாமின் இரண்டு கைகளும் மட்டும் அவர் விருப்பமில்லாமலே மண் அள்ளிப் போடுகிற மாதிரி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தன. மற்றவர்களும் அதைப் பார்த்தார்கள். வாயில் வருகிற மண் அந்தக் கைகள் போட்ட மண் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூன்மா பலகையிலிருந்த வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு, அழுகிய காலை இழுத்து இழுத்து வந்து, அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஓங்கி வெட்டினாள். கத்தி எலும்பில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பிடுங்கி மறுபடியும் வெட்டினாள். மூன்றாவது வெட்டுக்கு அவளால் கையைத் தூக்க முடியவில்லை.

கிழவர் விழவில்லை. வெட்டு விழுந்ததும் அவர் கைகள் அள்ளுவதை நிறுத்தின.

சடக்கிலிருந்து தேவராசு உள்ளே ஓடிவரப் பார்த்தார். கிழவர் நல்ல கையைத் தூக்கி, "வராதீங்க! கால வச்சா உங்களுக்கும் எறங்கும்!" என்று கத்தினார்.

"எம்பொண்டாட்டி உள்ள கெடக்காய்யா!"

"வராதீங்க!"

தேவராசு விளிம்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அழுதுகொண்டே கத்தினார்: "அங்க கேட்டு இருக்கு! தாண்டுனா ஆறுது! இங்க கேட்டே இல்லயேய்யா, எதத் தாண்டுறது? ஒரு கேட்டு போடுய்யா! எதையாச்சும் வச்சுப் போடு!"

லுங் சாம் அவரைப் பார்த்தார். திரும்பி, சயாம் பேச்சில், சடக்கில் நின்ற கடைக்காரர்களுக்கு அதை உரக்கச் சொன்னார். அவர்கள் மூங்கிலையும் கயிற்றையும் உருவி எறிந்தார்கள், சைக்கிள் கடைக்காரன் தன் கடைக் கதவையே பெயர்த்துத் தள்ளினான். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரைக்கும் வேலி போடுவது என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது, கிழவருக்குத் தெரியும். அவர் மீன் கடைகளின் பின்புறமாகத் தொடங்கி, இறைச்சிப் பலகைகளைச் சுற்றி, கொட்டகையைத் தாண்டி, காப்பிக் கடையின் முன்வாசல் வரைக்கும் நடந்தார். தோளிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே வந்தது, அந்த ரத்தத்தின் மேலேயே வெளியில் இருந்தவர்கள் கயிறு கட்டினார்கள். அவ்வளவு பெரிய குழி என்று அதுவரைக்கும் யாரும் நினைத்திருக்கவில்லை. பிறகு சடக்குப் பக்கமாக இரண்டு மூங்கிலை நட்டு, தேவராசு வெளியிலிருந்து பிடித்துக்கொள்ள, கிழவர் ஒற்றைக் கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டு, அந்தச் சைக்கிள் கடைக் கதவை மாட்டினார்கள்.

பழக்காரனை முதலில் இழுத்துக்கொண்டு போனார். கதவைத் தாண்டியதும் அவன் மண்டை மூடிக்கொண்டது. அவன் எழுந்து உட்கார்ந்து, எதுவும் புரியாமல், தன் பழக்கூடையைத் தேடினான். கிழவர் அடுத்தவளுக்காகத் திரும்பிப் போனார். போனார், வந்தார், போனார், வந்தார். அவரால்தான் உள்ளே போய்வர முடியும், வேறு யாராலும் முடியாது. வெட்டியவளையும் அவர்தான் இழுத்து வந்தார். பூன்மா கதவுக்கு வெளியே வந்து கால் ஆறி எழுந்து நின்றபோது, கையில் கத்தி இன்னும் இருந்தது, அவள் அதைக் கீழே போட மறந்து நின்றாள். கயிறு கட்டுவதற்கு முன்பே சடக்குக்கு ஊர்ந்து வந்தவர்கள் மறுபடி உள்ளே போய்த்தான் வெளியே வரவேண்டியிருந்தது. சிலர் பயந்து மாட்டேன் என்றார்கள், அவர்களைக் கட்டித் தூக்கி உள்ளே உருட்டிவிட்டார்கள்.

கடைசியாகத் தைலம்மாள் கிடந்தாள். கிழவர் பக்கத்தில் வந்து மண்டியிட்டார், அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் மண்ணைத் துப்பிவிட்டுக் கேட்டாள்.

"எங்கப்பா உசுரோடதான இருந்தாரு?"

"இருந்தாரும்மா."

"நீங்கதான் மண்ணு போட்டீங்களா?"

"நாந்தாம்மா. பின்னால துப்பாக்கி நின்னுச்சு. என்கூட மண்வெட்டி புடிச்சவன் மாட்டேன்னான், அவனையும் அதுலயே தள்ளுனாங்க. அவன் மேலயும் நாந்தான் போட்டேன்."

"எங்கப்பா எதாச்சும் சொன்னாரா?"

"தண்ணி கேட்டாரு."

"குடுத்தீங்களா?"

"விடலம்மா."

தைலம்மாள் கையைத் தூக்கி அவரைக் கன்னத்தில் அறைந்தாள். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அறைந்தாள், அவர் தலை திரும்பியது, அவள் கைமண் அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது. மறுபடி அறைந்தாள். பிறகு அதே கையை அவர் கழுத்தில் போட்டுக்கொண்டாள், அவர் தூக்குவதற்கு வசதியாக.

அவர் தூக்கி நடந்தபோது, "உங்க பேரு என்ன?" என்றாள்.

"சாம்-னு கூப்புடுவாங்க."

"அதில்ல."

"வீரமல."

"எந்தத் தோட்டம்?"

அவர் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். சிலிம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தோட்டம், இப்போது செம்பனை நட்டுவிட்டார்கள் என்று தைலம்மாள் அவரிடம் சொன்னாள். "அப்படியா" என்றார். கதவைத் தாண்டினார்கள். தைலம்மாளின் வாய் சுத்தமானது, கால் நீண்டது, கன்னத்தில் சதை திரும்பியது. வீரமலையின் தோள் மூடவில்லை. அது அந்தக் குழியில் இருந்தவர்களின் காயமில்லை, அன்று காலையில் பூன்மா வெட்டியது. எந்தக் கதவும் அதை மூடாது. மாலி ஓடிவந்து தன் தோள்துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தினாள், அவருடைய வண்டியில் இருந்த ஐஸை அள்ளிவந்து வைத்தாள், ஐஸ் சிவப்பாகக் கரைந்தது. தேவராசு கிழவரின் தலையைத் தாங்கிப் பிடித்து வாயில் தண்ணீர் விட்டார். ஒரு மடக்கு குடித்தார், இரண்டாவது வெளியே வழிந்தது.

அன்றைக்கு மாலி தைலம்மாளிடம் தமிழில் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "நீ வராமல் இருந்திருக்கலாம்."

"ஆமா" என்றாள் தைலம்மாள்.

கிழவரை எங்கே வைப்பது என்று ஊர் கூடிப் பேசியது. கோயிலில் எரிக்கலாம் என்றார்கள் சிலர். வேலிக்குள் புதைக்கலாம் என்றார்கள் அவர் தூக்கிக் காப்பாற்றியவர்கள். மண் போட்டவனை மண் போடப்பட்டவர்களோடு வைப்பதா என்று காப்பிக் கடைக்காரர் எழுந்து கேட்டார், பேச்சு கைகலப்பாகி ஒருவன் பல் விழுந்தது. கடைசியில் மாலி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, தைலம்மாள் பக்கம் கையைக் காட்டினாள். அவள் சொல்லட்டும்.

தைலம்மாள் சொன்னாள்: "உள்ள வைங்க. எங்கப்பா பக்கத்துல வேணாம். ஆனா உள்ள வைங்க."

அப்படியே செய்தார்கள். பூன்மாவைப் போலீஸ் கொண்டுபோனது, சில வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தாள். சந்தையை ஆற்றோரமாக மாற்றிக்கொண்டார்கள். கதவு மூங்கிலிலிருந்து மரமாகி, மரத்திலிருந்து இரும்பானது. தேவராசுவும் தைலம்மாளும் ஊருக்குத் திரும்பிப் போய், அறுந்துபோன தாலியைத் தாயின் குழிமேட்டில் புதைத்தார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. பிறகு விஷயம் தோட்டம் தோட்டமாகப் பரவியது, பேராக்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் நெகிரியிலிருந்தும் பஸ்கள் வரத் தொடங்கின. வந்தவர்கள் கதவுக்குள் போய், தரையில் கைவைத்து, தாத்தா பெயரையும் சித்தப்பா பெயரையும் சொன்னார்கள். சிலருக்கு ஒன்றும் இறங்காது, வேறு எங்கோ கிடக்கிறார்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ரயில் பாதை ஓரமாக நடந்து போவார்கள். சிலருக்கு இறங்கும், மண்டை பிளக்கும், வாய் மண்ணால் நிறையும், சுற்றியிருந்தவர்களும் சேர்ந்து விழுவார்கள். அதனால் ஒருவருக்கு மேல் உள்ளே விடக்கூடாது என்றும், இடுப்பில் கயிறு கட்டித்தான் அனுப்பவேண்டும் என்றும், விழுந்ததும் வெளியிலிருந்து இழுத்துவிடவேண்டும் என்றும் தூளிக்காரர்கள் சட்டம் வைத்தார்கள். பெயர் கிடைத்த இடத்தில் கல் நட்டார்கள். விடுதிகள் அரக்கு விரிப்போடு எச்சில் படிக்கமும் வைத்தன, மண் துப்புவதற்கு. வெள்ளைக்காரர்கள் முதலில் வரவில்லை, பிறகு அவர்களும் வந்து கதவுக்கு வெளியே தொப்பியைக் கழற்றி நின்றார்கள்.

தைலம்மாள் அந்த ஊருக்கு மறுபடி ஒரே ஒரு தடவைதான் வந்தாள். தேவராசு இல்லை, அவர் இறந்துபோயிருந்தார். அவள் வந்த அன்று வீரமலையின் திதி. கதவுக்குள் அவருடைய கல்லின் முன்னால் பூன்மா உட்கார்ந்திருந்தாள், தலை நரைத்து, இடுப்பில் கயிறு கட்டாமல். வருஷா வருஷம் இதே நாளில் வருவாளாம், கயிறு வேண்டாம் என்பாளாம். மாலியும் வருவாளாம், ஆனால் பூன்மா எழுந்து போன பிறகுதான்.

பூன்மா கல்லின் மேல் கைவைத்து, நாக்கில் வராத அந்தத் தமிழ்ப் பெயரைத் துண்டு துண்டாக உடைத்து, "வீ-ர-ம-லை" என்று படித்தாள். அவள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் சதை பிளந்தது. மறுபடியும் அதே இடத்தில் பிளந்தது. இடது கை தொங்கிப்போனது, ரத்தம் விலாவழியே இறங்கி மடியில் தேங்கியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கல்லிலிருந்து மற்றக் கையை எடுக்காமல் இருந்தாள்.

தூளிக்காரன் தடுத்தும் கேட்காமல் தைலம்மாள் உள்ளே போனாள். வீரமலை மற்றவர்களோடு கலக்காமல் தன் கல்லுக்குக் கீழே தனியாகக் கிடந்தார், அவர் சாவு படித்தவளோடு நின்றது, அதனால் தைலம்மாளுக்கு ஒன்றும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பழகியவள் தூக்குகிற மாதிரி, நல்ல பக்கத்து அக்குளில் கைகொடுத்துப் பூன்மாவை எழுப்பினாள். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, ரத்தம் சொட்டச் சொட்ட, கதவு வரைக்கும் நடந்தார்கள். தாண்டுவதற்கு ஓர் எட்டு இருக்கும்போது பூன்மா நின்றுவிட்டாள். தைலம்மாள் மெதுவாக இழுத்துப் பார்த்தாள். பூன்மா தலையை ஆட்டி, சயாம் பேச்சில் ஏதோ சொன்னாள். தைலம்மாளுக்கு அந்தப் பேச்சு தெரியாது, ஆனால் தாண்டினால் ஆறிவிடும், இப்போதே ஆறவேண்டாம் என்கிறாள் என்று புரிந்தது.

"சரி" என்றாள். "கொஞ்ச நேரம் இருப்போம்."

கதவுக்கு உள்பக்கமாகவே இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். தைலம்மாள் தன் வெள்ளைச் சேலையின் முந்தானையைச் சுருட்டி அந்தத் தோளில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.